திரிபலா விளையும் மலை

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் சாலை மேலே ஏறத் தொடங்குகிறது. திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் போதும், பின்னால் வரும் பேருந்தில் இருப்பவர்களுக்குக் கீழே விரியும் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருக்க ஏராளமான நேரம் கிடைக்கும். மலைமேல் ஆசனூர். அதைத் தாண்டினால் காரப்பள்ளம் சோதனைச்சாவடி. கரும்பு லாரியை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்கும் யானைகளால் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் இடம் அது. அடுத்தது புளிஞ்சூர், அங்கிருந்து கர்நாடகம். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. வலப்பக்கம் தெரியும் மலைத்தொடர் மட்டும் விடாமல் கூடவே வருகிறது.

சாம்ராஜ்நகரிலிருந்து கிழக்கே திரும்பி அந்த மலைக்குள் நுழைகிறவர் வந்து சேரும் இடம் பிலிகிரி ரங்கன் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் கண்ணி என்று இதைச் சொல்வார்கள். அடிவாரம் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில். உச்சி 1800 மீட்டரைத் தொடும். எனவே ஒரே நாளில், ஒரே வண்டியில், முட்புதர்க் காட்டில் கிளம்பி இலையுதிர் காட்டுக்குள் ஏறி, மேலே சோலையையும் புல்வெளியையும் பார்த்துவிடலாம். இலையுதிர் காட்டுப் பகுதியில் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் மூன்று மரங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: நெல்லி, கடுக்காய், தான்றி. சென்னையிலோ மதுரையிலோ நாட்டு மருந்துக் கடைக்குப் போய் திரிபலா சூரணம் கேட்கிறவருக்கு மடித்துக் கொடுக்கப்படும் பொடியின் மூன்று சரக்கும் இந்த ஒரே காட்டில் காய்க்கின்றன.

மற்ற சரக்குகளும் உண்டு. சீயக்காய், பூந்திக்கொட்டை, மலைத்தேன், செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் தரும் கல்பாசி, ஊறுகாய்க்குப் போகும் மாகாளிக் கிழங்கு. இந்திய மருந்துச் சந்தையில் 960 வகை மூலிகைகள் புழங்குகின்றன என்றும், அவற்றில் 178 வகைகள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்கின்றன என்றும் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக வேத், கொராயா என்ற இரு நிபுணர்கள் 2008-இல் எழுதிய அறிக்கை கணக்கிட்டது. இவற்றில் பெரும்பகுதி வயலில் விளைவதில்லை. யாரோ காட்டுக்குள் நடந்து, ஏறி, பறித்து, தோண்டி, தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். புட்டியின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கும். பறித்தவரின் பெயர் இருக்காது.

பிலிகிரி ரங்கன் மலையில் அந்த ‘யாரோ’ சோளகர்கள். கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த மாநிலத்தில் 33 ஆயிரத்துக்கு மேல்; தமிழகப் பக்கம் தாளவாடி, பர்கூர், ஆசனூர் மலைகளில் சில ஆயிரம் பேர். கன்னடத்துக்கு மிக நெருக்கமான மொழி பேசுகிறார்கள். குடியிருப்புக்கு ‘போடு’ என்று பெயர். மலைமேல் இருக்கும் ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே பங்களே போடு, ஹொசபோடு என்று சில இருக்கின்றன. காட்டுக்குள்ளும் காட்டோரத்திலுமாக மொத்தம் அறுபதை ஒட்டி வரும். கோயில் ரங்கன் இவர்களுக்கு வெறும் சாமி இல்லை. குசுமாலை என்ற சோளகப் பெண்ணை அவன் கட்டிக்கொண்டான் என்பது கதை. அதனால் அவன் இவர்களுக்கு ‘பாவ’, அதாவது மச்சான். பெருமாளை மச்சான் என்று உரிமையோடு கூப்பிடும் பக்தர்கள் வேறெங்கும் இருக்கிறார்களா என்பது வைணவப் பெரியவர்கள் சொல்ல வேண்டியது.

கோயிலிலிருந்து சற்று உள்ளே, பார்கவி என்ற ஓடைக்கரையில், தொட்ட சம்பிகே என்ற பிரம்மாண்டமான சண்பக மரம் நிற்கிறது. வயது பல நூறு ஆண்டுகள் என்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிறுசிறு கற்கள் தெய்வங்களாக நட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுலாப் பயணி படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் சோளகர்களுக்கு இது பல நூறு இடங்களில் ஒன்று. ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஓர் எல்லை உண்டு. ‘யெல்லே’ என்றே சொல்கிறார்கள். அந்த எல்லைக்குள் தேவருக்கு ஓர் இடம், மாரம்மாவுக்கு ஓர் இடம், முன்னோரைப் புதைத்த கல்குடி, நீரூற்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் கடைசியில் சோளகர்களே ஆய்வாளர்களோடு ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்து இவற்றை வரைபடத்தில் குறித்தபோது, ஏறத்தாழ 500 இடங்கள் வந்தன. வனத்துறையின் வரைபடத்தில் ரேஞ்சும் பீட்டுமாக இருந்த அதே காடு, இந்த வரைபடத்தில் குலங்களின் வீட்டு மனைகளாகத் தெரிந்தது. எந்த எல்லையில் எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், யார் போய்ப் பறிக்கலாம் என்பதும் இந்தக் கணக்கோடு ஒட்டியதுதான்.

1974-இல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1987-இல் பரப்பு 540 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வேட்டை நின்றது. இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகு விதைக்கும் பழைய விவசாயம் நின்றது. உள்காட்டுப் போடுகள் பல சாலையோரத்துக்கு நகர்த்தப்பட்டன. மிஞ்சியது ஒன்றுதான்: மரத்தை வெட்டாமல் எடுக்கக்கூடிய சிறு வனப்பொருள்களைச் சேகரித்து, ‘லேம்ப்ஸ்’ எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எடை போட்டுக் கொடுப்பது. சத்தியமங்கலம், கொல்லிமலைப் பக்கத்துக்காரர்களுக்கும் லேம்ப்ஸ் பழகிய பெயர். 1990-களில் நடந்த ஆய்வுகள், சோளகக் குடும்பத்தின் ரொக்க வருமானத்தில் பாதி அளவோ அதற்கு மேலோ இப்படி வந்தது என்று காட்டின. மருத்துவர் எச். சுதர்சன் 1981-இல் இங்கே தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரா, தொழுநோய்க்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியம் பார்க்கப் போய், கடைசியில் நெல்லிக்காயின் விலைக்கும் சண்டை போட வேண்டி வந்தது. 1994-இல் அதற்கு ‘மாற்று நோபல்’ என்று பேர்பெற்ற ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

நெல்லிப் பறிப்பு மார்கழி, தை மாதங்களில். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்குவார்கள், கழியால் தட்டுவார்கள். கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். மூட்டை கட்டி வண்டி வரும் தடம்வரை சுமப்பது தனி வேலை. இந்த மலையில் நெல்லி இரண்டு இனம். ஒன்று நாடெங்கும் தெரிந்தது, இலையுதிர் காட்டில் வளர்வது. இன்னொன்று தென்னிந்தியாவுக்கே உரியது, அடிவார முட்புதர்க் காட்டில் நிற்பது. லாரி ஏறிவிட்டால் இரண்டும் ஒரே லேகியத்துக்குள் போய்விடும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் கிடையாது, பறிக்கிறவருக்கு உண்டு.

எல்லாக் காயையும் பறிப்பதில்லை. புள்ளிமானும் கேளையாடும் உதிர்ந்த நெல்லியை விழுங்கி, பிறகு அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்பிவிடும். மரம் பரவுவது அப்படித்தான். ஆகவே மானின் பங்கை மரத்தில் விட்டுவைப்பது தருமத்தோடு கணக்கும் சேர்ந்த காரியம். மலைத்தேன் எடுக்கும்போது அடையில் ஒரு பகுதியை விடுவதும், மாகாளிக் கிழங்கு தோண்டும்போது வேரில் ஒரு பாகத்தை மண்ணிலேயே மூடிவிடுவதும் இதே வழிதான். மாகாளியைப் பொறுத்தவரை இந்தப் பொறுமைக்கு இப்போது பெரிய சோதனை. வேரே சரக்கு என்பதால் முழுதாகத் தோண்டினால் கொடி செத்துவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் மோரிலும் ஊறிய மாகாளிக் கிழங்கைத் தயிர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் தமிழ் வீடுகள் பல. நன்னாரிக்குப் பதிலாகக் கலந்து விற்கும் வியாபாரமும் உண்டு. அந்தக் கொடி உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இருப்பது நம் ஊறுகாய் ஜாடிக்குத் தெரியாது.

எல்லாச் சோளகரும் எல்லா நாளும் இப்படி ஒழுங்காகப் பறித்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். முன்னாடி போகிறவனுக்கு நிறையக் கிடைக்கும் என்ற போட்டி வந்ததும், காய் முற்றுவதற்கு முன்பே பறிப்பதும், ஏறச் சோம்பிக் கிளையையே வெட்டிப் போடுவதும் நடந்தன. வெளியாட்களும் உள்ளே வந்தார்கள். 1990-களின் நடுவில் இந்த மலைக்கு வந்த ஆய்வாளர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: இவ்வளவு பறித்தால் நெல்லி மரங்கள் மிஞ்சுமா?

கமல் பாவா என்ற தாவரவியலாளர் 1996-இல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் ஏட்ரீ. அதன் களநிலையம் மலைமேலேயே இருக்கிறது. அதன் ஆய்வாளர் சித்தப்ப ஷெட்டியும் சகாக்களும் 1990-களின் இறுதியில் ஒரு முறையைச் சோளகர்களோடு சேர்ந்து வகுத்தார்கள். பறிப்புக்கு முன் ஒரு நாள் எல்லோரும் காட்டுக்குள் நடப்பது. இந்த ஆண்டு காய்ப்பு அமோகமா, நடுத்தரமா, குறைவா என்று ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பிடுவது. பிறகு பறிப்பு. முடிந்ததும் திரும்பப் போய், எவ்வளவு காய் மரத்தில் மிச்சம், எத்தனை கிளை முறிந்திருக்கிறது, புது நாற்று எங்கே முளைத்திருக்கிறது என்று பார்ப்பது. கடைசியில் போடுவில் கூட்டம் போட்டுப் பேசுவது. ஆய்வாளர்கள் தங்கள் பங்குக்குக் கயிறு கட்டி, கோடு போட்டு, மரத்துக்கு மரம் எண்ணினார்கள். சோளகர்களின் கண்மதிப்பும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையும் பெரிதாக முரண்படவில்லை. 2008-இல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு ஆகும் செலவும் நேரமும் எண்ணுவதற்கு ஆவதில் சிறு பங்குதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கூட்டங்களில்தான் ஆய்வாளர்கள் கேட்க வந்த கேள்விக்குச் சோளகர்கள் வேறு ஒரு பதில் சொன்னார்கள். பறிப்பதால் மரம் சாகவில்லை, ‘உப்பிலு’வால் சாகிறது என்றார்கள்.

உப்பிலு என்பது நம் புல்லுருவி. தன் வேரை மண்ணில் இறக்காமல் மரக்கிளைக்குள் இறக்கி, அங்கிருந்தே நீரை உறிஞ்சி, பச்சைப்பசேல் என்று மேலே செழித்து நிற்கும் செடி. அதன் பழம் பசைபோல ஒட்டும். குட்டிப் பறவையான பூக்கொத்தி அதைத் தின்றுவிட்டு அடுத்த கிளையில் எச்சமிடும். விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்கும். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் நெல்லியில் ஒரு கிளை மட்டும் அடர்ந்த பச்சையாகத் தெரிந்தால், பயணி அதை ரசிக்க வேண்டியதில்லை. அந்தக் கிளையில் காய்ப்பு குறைந்துபோயிருக்கும். சில ஆண்டுகளில் கிளை காயும், பிறகு மரமும். பறிக்க ஏறுகிறவர்களே உப்பிலு பிடித்த கிளையைத் தறித்துப் போட்டுவிட்டு இறங்குவது வழக்கம். வனத்துறைக் காவலர் கீழே நின்று பார்த்தால் அது கிளை வெட்டும் குற்றம். மேலே இருக்கிறவருக்கு அது வைத்தியம்.

சரி, உப்பிலு ஏன் பெருகியது? இதற்கும் பதில் தயாராக இருந்தது. தீ போடுவதை நிறுத்தியதால்.

‘தரகு பெங்கி’ என்று சோளகர்கள் சொல்வது சருகுத் தீயை. தை, மாசியில், புல் பாதி காய்ந்து, காலையில் பனி இன்னும் ஈரமாக இருக்கும் நாட்களில், நடந்துபோகும் வழியில் அங்கங்கே பற்றவைத்துவிட்டுப் போவார்கள். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. இரவுப் பனியில் தானே அவிந்துவிடும். சருகு எரியும், உண்ணிகள் சாகும், தடம் தெளியும், சில வாரங்களில் இளம்புல் முளைத்து மான் வரும். அந்த வெப்பத்தில் கிளையில் ஒட்டியிருக்கும் உப்பிலுவின் பிஞ்சுகள் கருகி உதிரும் என்பது சோளகர்களின் கணிப்பு. நெல்லி மரத்துக்கு அந்தத் தீ ஒன்றும் செய்யாது. தடித்த பட்டை உண்டு, கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். காட்டில் தீ என்றாலே குற்றம் என்ற வெள்ளைக்காரர் காலச் சட்டம் முன்பே இருந்தது. சரணாலயம் வந்தபின் அது கண்டிப்பானது. 1974-க்குப் பிறகு சருகுத் தீ நின்றுபோனது.

தீ நின்ற காட்டில் இன்னொரு செடியும் ஏறியது. உண்ணிச்செடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவின் அழகுக்காகத் தோட்டத்தில் வைக்க இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்கச் செடி. இன்று கே. குடி வனவிடுதியிலிருந்து கோயிலுக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் பயணி பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். வண்டியிலிருந்து பார்க்கும்போது ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்த அடர் பசுமை. உள்ளே நுழைந்தால் ஆளுயரத்துக்கு மேல் பின்னிய முள். புல் இல்லை, நாற்று இல்லை. பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் இந்த மலையில் ஒரே இடங்களை இரண்டு முறை அளந்தார்கள்: 1997-இல் 41 சதவீத இடங்களில் இருந்த உண்ணிச்செடி, 2008-இல் 81 சதவீதத்தில் இருந்தது. பதினோரு ஆண்டில் இரண்டு மடங்கு. இப்படி ஏறும் என்பதைத் தங்கள் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்கிறார்கள் சோளகர்கள். கேட்க வேண்டியவர்கள் அதை எழுத்தில் எதிர்பார்த்திருக்கலாம்.

எழுத்தில் வர 2010 ஆனது. லூசி ரிஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, நெல்லி, புல்லுருவி, தீ மூன்றையும் இணைக்கும் சோளகர் அறிவை அறிவியல் உலகத்தின் முன் வைத்தது. 2012-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் தமாரா டிக்டினும் ஏட்ரீயின் கணேசன், பரமேஷா, ஷெட்டி ஆகியோரும் இரு நெல்லி இனங்களின் நீண்டகாலத் தரவுகளை அலசி, மரக்கூட்டம் தேய்வதற்குப் பழம் பறிப்பு முக்கியக் காரணம் இல்லை, புல்லுருவியும் உண்ணிச்செடியும்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். சோளகர்கள் கூட்டத்தில் சொன்னதும் இதைத்தான்.

இதற்கிடையில் சட்டம் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது. 2002-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களிலிருந்து விற்பனைக்காக எதையும் எடுக்கக் கூடாது என்றது. பிலிகிரி ரங்கன் மலையில் சில ஆண்டுகளுக்குள் அது அமலானது. நெல்லி பறிப்பு நின்றது, தேன் நின்றது, பாசி நின்றது. போடுகளில் இருந்தவர்கள் காப்பித் தோட்டங்களுக்கும் வெளியூர்களுக்கும் கூலிக்குப் போனார்கள். வருமானம் போனது ஒரு நஷ்டம். ஆண்டுதோறும் காடு முழுக்க நடந்து காய்ப்பைப் பார்த்து, உப்பிலுவைத் தறித்துக்கொண்டிருந்த ஆட்கள் காட்டிலிருந்து விலகியது இன்னொரு நஷ்டம். அதை எந்த அரசுக் கணக்கிலும் எழுதவில்லை. காட்டைக் காப்பாற்றப் போட்ட தடை, நெல்லியைப் பொறுத்தவரை, மரத்தை நோயோடு தனியே விட்டுவிட்டது.

2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு காற்று மாறியது. சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை, காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை என்று இரண்டையும் அந்தச் சட்டம் கிராம சபையின் கையில் தருகிறது. ஆனால் பிலிகிரி ரங்கன் மலையில் உரிமைக்கு முன்னால் புலி வந்தது. 2011 ஜனவரியில் இது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, சோளகர்களைக் கேட்காமல். சங்கமாகத் திரண்டு, ஏற்கெனவே வரைந்துவைத்திருந்த எல்லை வரைபடங்களையும் சாட்சியாகக் காட்டி அவர்கள் போராடினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் பழங்குடியினருக்கு இந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அதன் பிறகு புலி குறைந்ததா என்றால், இல்லை. 2010-இல் 35 என்று சொல்லப்பட்ட புலிகள் 2014 கணிப்பில் 68 ஆயின. இந்தப் பெருக்கத்துக்குச் சோளகர்களே காரணம் என்று சில அமைப்புகள் சொல்வது மிகை. இரை, காவல், எண்ணும் முறை என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் மனிதர் இருந்தால் புலி இருக்காது என்ற வாதத்துக்கு இந்த மலை சாட்சி சொல்ல வராது.

தெற்கே அகத்தியமலையின் காணிக்காரர் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. 1987-இல் அங்கே போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு விசாரித்ததில் ஆரோக்கியப்பச்சை வெளியுலகுக்குத் தெரிந்தது. திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுத்தது: கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிக்காரர்களுக்கு. 1997-இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே மெச்சிய ஏற்பாடு. ஆனால் இலையைப் பறிக்கப் போனபோது, காடு காப்புக்காடு, பறிக்க அனுமதி இல்லை என்று வனத்துறை மறித்தது. பணத்தில் பங்கு வந்த இடத்தில் செடியின் மேல் அதிகாரம் வரவில்லை. சோளகர்கள் தாமதமாகவும் குறைவாகவும் சம்பாதித்தாலும், அவர்கள் வாங்கியது இதைவிட உறுதியான சரக்கு.

மலையிலிருந்து திரும்பும் வழியில் புளிஞ்சூர் தாண்டியதும் அதே சோளகர்கள் தமிழும் பேசத் தொடங்குகிறார்கள். வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது இரு மாநிலப் படைகளுக்கும் நடுவில் இவர்கள் பட்டதைத் தமிழ் வாசகர்கள் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலில் படித்திருப்பார்கள். இந்தப் பக்கம் சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது. தமிழகத்தில் வன உரிமைப் பட்டா வழங்குவது ஒரு நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2008 முதல் 2016 வரை முடங்கிக் கிடந்தது. மலையும் மரமும் மக்களும் ஒன்றாக இருந்தும், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாங்கியதை இந்தப் பக்கம் வாங்க இத்தனை ஆண்டுகள் பிந்தியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

உரிமை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நெல்லி வாங்க வரும் ஒப்பந்ததாரர்தான் இன்றும் விலையைப் பேசுகிறார். பழம் ஒரு வாரம் தாங்காது. பக்கத்தில் பதப்படுத்தும் வசதி இல்லாதவர் சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டில் நாற்காலியும் கூடையும் பின்னும் வேலையை மாதேஸ்வரன் மலைச் சோளகர்கள் ஏட்ரீயின் உதவியோடு செய்கிறார்கள். அது நல்ல வருமானம், ஆனால் காட்டில் நிற்கும் உண்ணிச்செடியின் அளவுக்கு நாற்காலி போட நாட்டில் இடம் போதாது. போன சில ஆண்டுகளில் இந்தக் காட்டில் கண்டுபிடித்த ஒரு குளவிப் பேரினத்துக்கு ஏட்ரீ ஆய்வாளர்கள் ‘சோலிகா’ என்று பேர் வைத்து மரியாதை செய்தார்கள். நல்லதுதான். பூச்சிக்குப் பேர் வைப்பதற்கு வனத்துறையின் அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை. சருகுக்குத் தீ வைப்பதற்கு வேண்டும், அது இன்னும் கிடைக்கவில்லை.

பழையபடி எங்கும் பற்றவைக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. உண்ணிச்செடி மண்டிய காட்டில் இன்று போடும் தீ முழங்கால் உயரத்தில் நிற்காது, மரத்தின் தலைவரை ஏறும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. எனவே முதலில் வெட்ட வேண்டும், பிறகு சிறு பகுதிகளில், உரிமை பெற்ற கிராம சபைகளின் எல்லைக்குள், சோளகப் பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, வனத்துறையும் ஆய்வாளர்களும் பார்த்திருக்க, சருகுத் தீயைப் போட்டுப் பார்க்க வேண்டும். உப்பிலு குறைகிறதா, நெல்லி நாற்று முளைக்கிறதா என்று சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். அதை அளக்கும் முறையும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கர்நாடக வனத்துறை இதற்கு மனம் வைக்க வேண்டும், சத்தியமங்கலத்தில் தமிழக வனத்துறையும். அனுமதி தை மாதத்துக்கு முன் கைக்கு வர வேண்டும். பங்குனியில் வந்தால் புல் முழுதாகக் காய்ந்திருக்கும், அப்போது எந்தச் சோளகரும் தீ போட மாட்டார்.